லூப் ஏன் வெக்டர் ஆகவில்லை? மெமரிச் சார்பைக் கம்பைலர் பார்க்கும் வரிசையிலேயே பார்ப்பது எப்படி

திருப்பூர்ப் பக்கம் நிட்டிங் மெஷினில் துணி ஓடும்போதே கேமராவில் பார்த்துப் பழுது பிடிக்கும் மென்பொருள் எழுதுவது என் சோலி. கோவையில் உட்கார்ந்து சி, சி++ இரண்டிலும் எழுதுகிறோம். புதிதாக வந்து சேரும் பிள்ளைகள் பெரும்பாலும் ஒரே இடத்தில் சறுக்குகிறார்கள். லூப் மெதுவாக ஓடும். கம்பைலர் அதை வெக்டர் ஆக்கவில்லை, அதாவது பல சுற்றுகளின் கணக்கை ஒரே கட்டளையில் சேர்த்து முடிக்கும்படி மாற்றவில்லை என்று தெரியும். உடனே எங்கோ பார்த்த ஒரு பிராக்மாவை (கம்பைலருக்குச் சொல்லும் ஒரு வரி உத்தரவு) லூப்புக்கு மேலே ஒட்டிவிடுவார்கள். கடைசியாகச் செய்ய வேண்டியதை முதலில் செய்தால் என்ன ஆகும் என்பதை 9ஆம் படியில் சொல்கிறேன்.

ஒரு சுற்று எழுதும் மெமரி இடத்தை வேறொரு சுற்றும் தொட்டால் அது மெமரிச் சார்பு. அது இருக்கிறதா என்று பார்க்கக் கம்பைலர் தன் கேள்விகளை ஒரு வரிசையில்தான் கேட்கிறது. முகவரியின் வடிவம், ஒரே பொருளா வேறு பொருளா, எத்தனை சுற்று தூரம், எந்தத் திசை, ஓடும்போது சோதிக்க முடியுமா என்பது அந்த வரிசை. நாமும் அப்படியே போனால் எந்தக் கேள்வியில் மாட்டினோம் என்பது தானாகத் தெரிந்துவிடும்.

கீழே வரும் துணுக்குகளில் க என்பது சுற்று எண். உள், இடை, வெளி, தளம் எல்லாம் அர்ரேக்கள். வேறாகச் சொல்லாதவரை ஒவ்வோர் உறுப்பும் 4 பைட் ஃப்ளோட்.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

முதலில் ப்ரொஃபைலர் அறிக்கை. நேரம் எந்த லூப்பில் போகிறது என்று அளக்காமல் தொடங்காதீர்கள். மொத்த நேரத்தில் நூற்றுக்கு இரண்டு பங்கு தின்னும் லூப்புக்காக ஒரு வாரம் மல்லுக்கட்டியவர்கள் எங்கள் அறையிலேயே உண்டு. அந்தப் பட்டியலில் நானும் இருக்கிறேன்.

இரண்டாவது, அந்த லூப் மட்டும் உள்ள தனி ஃபங்ஷன், தனிக் கோப்பில். பெரிய கோப்புக்குள் வைத்தே பார்த்தால் இன்லைன் (ஃபங்ஷனின் உடலைக் கூப்பிட்ட இடத்திலேயே கம்பைலர் ஒட்டுவது) குழப்பம் வரும். ஒரே ஃபங்ஷன் மூன்று இடங்களில் இன்லைன் ஆகியிருந்தால், ஒரே வரிக்குக் கம்பைலர் "ஆக்கினேன்" என்றும் "ஆக்கவில்லை" என்றும் சேர்த்தே சொல்லும். கூப்பிட்ட இடத்தில் இரண்டு அர்ரேயும் தனித்தனி என்று தெரிந்தால் ஒரு பதில், தெரியாவிட்டால் இன்னொரு பதில். இரண்டுமே சரியான பதில்தான்.

மூன்றாவது, வெக்டர் ஆக்காத ஒரு பில்டு. கிளாங் கம்பைலரில் -எஃப்நோ-வெக்டரைஸ், ஜிசிசி கம்பைலரில் -எஃப்நோ-ட்ரீ-வெக்டரைஸ். விடை சரியா என்று ஒப்பிட இதுதான் உரைகல்.

நான்காவது, உங்கள் ப்ராசசரின் வெக்டர் அகலம். எஸ்எஸ்இ, நியான் என்ற வெக்டர் கட்டளைத் தொகுதிகள் இரண்டும் 128 பிட், அதாவது ஒரு தடவைக்கு 4 ஃப்ளோட். ஏவிஎக்ஸ்2 என்றால் 8. ஏவிஎக்ஸ்-512 என்றால் 16. இந்த எண் பின்னால் தூரக் கணக்கில் நேரடியாக வரும். இந்தக் கட்டுரை முழுக்க 8 என்றே வைத்துக்கொள்கிறேன்.

2. காரணத்தைக் கம்பைலரிடமே கேளுங்கள்

அசெம்பிளியை வைத்து ஊகிக்க வேண்டியதில்லை. கிளாங்கில் -ஆர்பாஸ்-மிஸ்ட்=லூப்-வெக்டரைஸ், -ஆர்பாஸ்-அனாலிசிஸ்=லூப்-வெக்டரைஸ் இரண்டையும் சேர்த்துக் கொடுங்கள். முதலாவது 'ஆகவில்லை' என்பதை மட்டும் சொல்லும், காரணத்தை இரண்டாவதுதான் சொல்லும். கூடவே -ஜி போடாவிட்டால் வரி எண் ஒழுங்காக வராது. ஜிசிசியில் -எஃப்ஆப்ட்-இன்ஃபோ-வெக்-மிஸ்ட்.

இங்கேயே ஒரு பொறி இருக்கிறது. கிளாங் -ஓ2 என்ற வேகப்படுத்தல் நிலையிலேயே வெக்டர் ஆக்கும். ஜிசிசி 2022இல் வந்த 12ஆம் பதிப்பிலிருந்துதான் -ஓ2 இல் ஆக்குகிறது, அதுவும் "மிக மலிவு" என்ற செலவுக் கணக்கோடு. அந்தக் கணக்கின்படி, அர்ரேக்கள் ஒன்றன்மேல் ஒன்று விழுகின்றனவா என்று ஓடும்போது சோதிக்கும் நிரலை அது சேர்க்காது. ஆகவே ஜிசிசியில் -ஓ2 வைத்துக்கொண்டு "சார்பு இருக்கிறதாம், விட்டுவிட்டதாம்" என்று புலம்பாதீர்கள். முதலில் -ஓ3 போட்டுப் பாருங்கள். பாதிப் புலம்பல் அதிலேயே தீரும்.

வரும் செய்தியை எப்படிப் பிரிப்பது? "சுற்றுகளின் எண்ணிக்கையைக் கணிக்க முடியவில்லை", "அர்ரேயின் எல்லையைக் கண்டுபிடிக்க முடியவில்லை" என்ற பொருளில் வந்தால் 3ஆம் படி. "சார்பு என்னவென்று தெரியவில்லை" என்றால் 4 அல்லது 5. "பின்னோக்கிய சார்பு" என்றால் 5, 6. "பல இடங்களில் அர்ரே மோதலாம்" என்றால் 7. கிளாங் பல நேரம் முதலில் தட்டிய ஒரே ஒரு காரணத்தைத்தான் சொல்லும். அதைத் தீர்த்ததும் அடுத்தது எட்டிப் பார்க்கும், பதற வேண்டாம்.

3. முகவரியின் வடிவத்தைப் பாருங்கள்

மெமரியில் நடக்கும் ஒவ்வொரு படிப்புக்கும் (ரீட்) எழுத்துக்கும் (ரைட்) கம்பைலர் முதலில் கேட்பது: இந்த முகவரியை "தொடக்கம் + க × நடை" என்று எழுத முடியுமா? முடிந்தால்தான் மேற்கொண்டு எந்தக் கணக்கும் ஓடும். கிளாங்கின் உள்ளே வேலை செய்யும் எல்எல்விஎம்மில் இதைச் செய்யும் பகுதி, முகவரி சுற்றுக்குச் சுற்று எப்படி வளர்கிறது என்பதை ஒரு சூத்திரமாக வைத்துக்கொள்கிறது. சூத்திரம் கிடைக்காவிட்டால் மீதிப் படிகளுக்கு வேலையே இல்லை.

வடிவம் கெடும் இடங்களில் நான் அடிக்கடி பார்ப்பவை மூன்று.

முதலாவது, மறைமுக இண்டெக்ஸ்:

    பெட்டி[சாம்பல்[க]] = பெட்டி[சாம்பல்[க]] + 1

ஹிஸ்டோகிராம் (எந்தச் சாம்பல் அளவில் எத்தனை பிக்சல் என்ற எண்ணிக்கை) எழுதினால் இப்படித்தான் வரும். பக்கத்துப் பக்கத்துப் பிக்சல் இரண்டும் ஒரே சாம்பல் நிறமாக இருந்தால் இரண்டும் ஒரே பெட்டியைத் தொடும். அந்த மதிப்பு ஓடும்போதுதான் தெரியும். இதில் கம்பைலரைத் திட்டிப் பயனில்லை. நான்கு தனிப் பெட்டி வரிசை வைத்து, பிக்சலை மாற்றி மாற்றி அவற்றில் போட்டு, கடைசியில் கூட்டுங்கள். லூப் வெக்டர் ஆகாது; ஆனால் ஒரே பெட்டியில் எழுதிவிட்டு உடனே படிக்கும் காத்திருப்பு குறையும்.

இரண்டாவது, 32 பிட் அன்சைன்டு (மைனஸ் வராத) இண்டெக்ஸ். 64 பிட் மெஷினில் உள்[க + தள்ளல்] என்பதில் இரண்டுமே 32 பிட் அன்சைன்டு என்றால், கூட்டல் நிரம்பி மறுபடி 0க்குத் திரும்பலாம் என்று மொழி விதியே அனுமதிக்கிறது. அப்படித் திரும்பினால் முகவரி நேர்கோட்டில் வளராது. நடைமுறையில் திரும்பாது என்று நமக்குத் தெரியும், கம்பைலருக்குத் தெரியாது. அது கூடுதலாக ஒரு சோதனை வைக்கும், அல்லது கைவிடும். சைன்டு எண் நிரம்பினால் நடத்தை வரையறுக்கப்படவில்லை என்பதால் அங்கே இந்தத் தொல்லை இல்லை. இண்டெக்ஸைச் சைஸ்-டி ஆகவோ 64 பிட் சைன்டு எண்ணாகவோ மாற்றுவதே சுலபம்.

மூன்றாவதுதான் கண்ணுக்குப் படாதது. கேமரா பிக்சல் பைட் வகை. பைட் பாயிண்டர் எதை வேண்டுமானாலும் சுட்டலாம் என்பது சியின் விதி. ஆகவே பைட் பாயிண்டர் வழியாக ஓர் எழுத்து நடந்தால், படம் என்ற ஸ்ட்ரக்டுக்குள் இருக்கும் அகலம் என்ற எண்ணையும் அது மாற்றியிருக்கலாம். லூப்பின் எல்லையாகப் படம்->அகலம் என்று எழுதியிருந்தால், கம்பைலர் அதை ஒவ்வொரு சுற்றிலும் திரும்பப் படிக்கும். எத்தனை சுற்று என்பது முன்கூட்டித் தெரியாமல் போகும்; வெக்டரும் போகும். தீர்வு ஒரு வரி: அகலத்தை லூப்புக்கு முன்னால் ஓர் உள்ளூர் மாறியில் எடுத்துக்கொள்ளுங்கள். கூட்டுத்தொகையை ஸ்ட்ரக்டின் உறுப்பிலேயே கூட்டிக்கொண்டு போகும் பழக்கத்துக்கும் இதே மருந்துதான்.

4. ஒரே பொருளா, வேறு பொருளா

வடிவம் கிடைத்த பிறகு கம்பைலர் அணுகல்களை இரண்டிரண்டாக இணை சேர்க்கிறது. இரண்டுமே படிப்பாக இருந்தால் அந்த இணை தேவையில்லை. ஒன்றாவது எழுத்தாக இருக்க வேண்டும். பிறகு, இரண்டும் ஒரே பொருளைத் தொடக்கூடுமா என்று பார்க்கிறது.

இரண்டும் வெவ்வேறு உள்ளூர் அர்ரேக்கள் என்றால் மோதல் இல்லை. ஒன்று இன்ட், மற்றொன்று ஃப்ளோட் என்றால் வகை விதிப்படி மோதல் இல்லை. ஆனால் ஃபங்ஷனுக்கு வெளியிலிருந்து வரும் இரண்டு ஃப்ளோட் பாயிண்டர் என்றால் தெரியாது என்பதே பதில்.

ஒரு தம்பி இதில் மாட்டிக்கொண்டு கேட்டான்: "ஏனுங்கண்ணா, ரெண்டும் வேற வேற பஃபர்தானுங்களே, பார்த்தாலே தெரியுதுங்களே?" "உனக்குத் தெரியும் கண்ணு, கூப்பிட்ட எடத்தையும் நீதானே எழுதின? கம்பைலரு இந்த ஃபங்ஷனை மட்டுந்தானே பார்க்குது" என்றேன். நாளைக்கு வேறொரு கோப்பிலிருந்து யாராவது கூப்பிட்டு உள் என்பதையும் உள்+1 என்பதையும் அனுப்பலாம். அப்போதும் விடை சரியாக வர வேண்டும் என்பது கம்பைலரின் கடமை. ஃபோர்ட்ரானில் எழுதுகிறவர்களுக்கு இந்தத் தலைவலி குறைவு. அங்கே ஒரு ஆர்குமெண்டில் எழுதினால் அது மற்றொன்றோடு மோதக்கூடாது என்பது மொழி விதி.

இந்தப் படியில் எதையும் மாற்ற வேண்டாம். தெரியாது என்ற இணை எது என்று மட்டும் குறித்து வையுங்கள். அது 7ஆம் படிக்குப் போகும்.

5. தூரத்தை எண்ணுங்கள்

ஒரே அர்ரே என்று உறுதியான இணைகளுக்கு அடுத்த கேள்வி: ஒரு சுற்று தொட்ட இடத்தை வேறொரு சுற்று தொடுமா? தொட்டால், இரண்டுக்கும் நடுவே எத்தனை சுற்று?

தளம்[2க] இல் எழுதி, தளம்[2க+1] இல் படித்தால் மோதலே இல்லை. இரட்டைப்படை எண் ஒற்றைப்படை எண்ணோடு சேராது. கம்பைலர் இதை மீப்பெரு பொதுக் காரணி வைத்துக் கண்டுபிடிக்கிறது: கெழுக்களின் காரணி 2, வித்தியாசம் 1, 2ஆல் 1 வகுபடாது, ஆகவே முழு எண் தீர்வு இல்லை. அதே போல, க 500ஐத் தாண்டாது என்று தெரிந்தால் தளம்[க], தளம்[க+1000] இரண்டும் சந்திக்காது.

சந்திக்கும் இணைகளுக்கு இந்த மூன்றையும் தாளில் எழுதிப் பாருங்கள்.

    தளம்[க] = தளம்[க+1] * 2

இங்கே படிப்பது முந்துகிறது, அடுத்த சுற்றில்தான் அந்த இடத்தில் எழுதப்படுகிறது. வெக்டரில் எட்டையும் ஒரேயடியாகப் படித்துவிட்டுப் பிறகு எட்டையும் எழுதினால், படித்தவை எல்லாம் பழைய மதிப்புகளே. ஒவ்வொன்றாக ஓடும் ஒற்றை லூப்பிலும் பழைய மதிப்பைத்தான் படித்திருக்கும். பாதுகாப்பு.

    தளம்[க+1] = தளம்[க] * 2

இங்கே இந்தச் சுற்றில் எழுதியதை அடுத்த சுற்று படிக்கிறது. எட்டை ஒரேயடியாகப் படித்தால், முதல் ஒன்றைத் தவிர மற்றதெல்லாம் இன்னும் எழுதப்படாத பழைய மதிப்பு. விடை தப்பு. தூரம் 1.

    தளம்[க+8] = தளம்[க] + 1

இதுவும் எழுதியதைப் பின்னால் படிப்பதுதான், ஆனால் தூரம் 8. எட்டு எட்டாக ஓடினால் படிக்க வேண்டியது எல்லாம் முந்தைய எட்டிலேயே எழுதி முடிந்திருக்கும். 8 அகலத்துக்குப் பாதுகாப்பு, 16 அகலத்துக்கு இல்லை. எல்எல்விஎம் இதை பிட் கணக்கில் வைத்துக்கொள்கிறது: 8 × 4 பைட் = 256 பிட், அதுவே உச்ச வரம்பு. வழக்கமாக வெக்டர் லூப்பை இரண்டு, நான்கு மடங்கு விரித்தும், அதாவது ஒரே சுற்றில் இரண்டு, நான்கு வெக்டரைச் சேர்த்தும் ஓட்டும். இப்படி வரம்பு வந்துவிட்டால் அந்த விரிப்பைக் கைவிடும். அதனால் "வெக்டர் ஆனது, ஆனால் எதிர்பார்த்த வேகம் இல்லை" என்று வந்தால் தூரத்தைப் பாருங்கள்.

தூரம் சின்னதாக, அகலத்தின் மடங்காக இல்லாமல் இருந்தால் இன்னொரு சிக்கல் வரும். தூரம் 3 என்று வையுங்கள். 2 அகலம் வைத்தால் விடை சரியாகவே வரும். ஆனால் ஒவ்வொரு படிப்பும் சற்று முன் நடந்த இரண்டு எழுத்துகளின் நடுவே விழும். ப்ராசசர் இப்போதுதான் எழுதிய மதிப்பை நேராகப் படிப்புக்குத் தள்ளிவிடும் குறுக்கு வழி அப்போது வேலை செய்யாது, காத்திருக்க நேரும். கிளாங் இதையும் பார்த்து, சரியாக இருந்தாலும் மெதுவாகும் என்று விட்டுவிடும்.

தளம்[2க] = தளம்[க] போல இரண்டு பக்கமும் நடை வேறுபட்டால் தூரம் சுற்றுக்குச் சுற்று மாறும். படத்தை இடவலமாகத் திருப்பும் லூப்பில் ஒரு கை முன்னே போகும், மறு கை பின்னே வரும். இவற்றுக்கு ஒரே எண்ணாகத் தூரம் கிடையாது. கம்பைலர் தெரியாது என்று கைவிடும் அல்லது ஓடும்போது சோதிக்கும்.

6. திசை: எந்த வரி மேலே இருக்கிறது

தூரம் 1 என்றாலே செத்தது என்று நினைப்பது அடுத்த தவறு. எழுதும் வரி மேலே, படிக்கும் வரி கீழே இருந்தால் கதை மாறும்.

    இடை[க] = உள்[க] * கெழு
    வெளி[க] = இடை[க-1] + 1

வெக்டரில் முதல் வரி எட்டையும் எழுதி முடித்த பிறகே இரண்டாம் வரி எட்டையும் படிக்கும். தேவையான மதிப்புகள் எல்லாம் எழுதப்பட்டிருக்கும். இது முன்னோக்கிய சார்பு, விடை கெடாது. வரிகளை மாற்றிப் போட்டுப் பாருங்கள்:

    வெளி[க] = இடை[க-1] + 1
    இடை[க] = உள்[க] * கெழு

இப்போது படிப்பு மேலே, எழுத்து கீழே. இது பின்னோக்கிய சார்பு. அதே தூரம், அதே அர்ரே, ஆனால் வெக்டர் ஆகாது. ஒரே சுற்றுக்குள் இரண்டு வரியும் தொடுவது வெவ்வேறு உறுப்புகள் என்பதால், மூன்று அர்ரேயும் தனித்தனியாக இருக்கும்வரை வரிகளை இடம் மாற்றுவதில் தப்பில்லை. கையால் மாற்றிவிடுங்கள்.

மாற்றினால் மட்டும் எப்போதும் போதாது. முன் படியில் சொன்ன காத்திருப்பு இங்கேயும் வரும், ஏனென்றால் இடை[க-1] படிப்பு ஓர் உறுப்பு விலகி விழுகிறது. கிளாங் அந்தக் காரணத்தைச் சொல்லி மறுக்கலாம். அப்போது லூப்பை இரண்டாக உடையுங்கள்: முதல் லூப் இடை முழுவதையும் எழுதட்டும், இரண்டாம் லூப் வெளி முழுவதையும் எழுதட்டும். இரண்டுமே சுத்தமாக வெக்டர் ஆகும். ஒரு வரி பிக்சல் கேஷுக்குள் அடங்கும் அளவு என்றால் இரண்டு தடவை ஓடுவது பாரமே இல்லை.

7. ஓடும்போது நடக்கும் சோதனை

4ஆம் படியில் "தெரியாது" என்று வந்த இணைகளுக்குக் கம்பைலர் ஒரு காவலாளியை வைக்கிறது. லூப்புக்கு முன்னால் ஒவ்வொரு பாயிண்டரும் தொடப்போகும் முதல் முகவரி, கடைசி முகவரி இரண்டையும் கணக்கிட்டு, எல்லைகள் ஒன்றோடொன்று மோதாவிட்டால் வெக்டர் லூப்புக்கும், மோதினால் பழைய ஒற்றை லூப்புக்கும் அனுப்பும். எல்லையைக் கணக்கிட 3ஆம் படியின் சூத்திரம் வேண்டும். அதனால்தான் அது முதலில் வந்தது.

எத்தனை சோதனை ஆகும் என்று எண்ணிப் பாருங்கள். ஓர் எழுத்து, மூன்று படிப்பு என்றால் 3 இணை. மூன்று எழுத்து, நான்கு படிப்பு என்றால் எழுத்துகளுக்குள் 3, எழுத்துக்கும் படிப்புக்கும் 12, ஆக 15. பக்கத்துப் பக்கத்து அணுகல்களைச் சேர்த்துக் கம்பைலர் இதைக் குறைத்துக்கொள்ளும். ஓரளவுக்கு மேல் போனால் இந்தச் செலவு கட்டாது என்று விட்டுவிடும். அப்போது பாயிண்டர்களைக் குறையுங்கள். ஒரே பஃபரின் மூன்று வண்ணத் தளங்களுக்கு மூன்று பாயிண்டர் என்று பரப்புவதைவிட லூப்பை மூன்றாக உடைப்பது தோதாக இருக்கும்.

இங்கே நான் பலமுறை மாட்டியது வேறொன்று.

    வெளி[க] = உள்[க] * கெழு

இந்த ஃபங்ஷனை மெமரி மிச்சம் பிடிக்கிறேன் என்று வெளி, உள் இரண்டுக்கும் ஒரே பஃபரைக் கொடுத்துக் கூப்பிடுவோம். உண்மையில் இதில் எந்த ஆபத்தும் இல்லை, ஒவ்வோர் உறுப்பும் தன்னைத்தான் தொடுகிறது. ஆனால் கிளாங் வைக்கும் காவலாளிக்கு எல்லை மோதியதுதான் கணக்கு. சத்தமில்லாமல் ஒற்றை லூப்புக்கு அனுப்பிவிடும். அறிக்கை "வெக்டர் ஆனது" என்று சொல்லும், ப்ரொஃபைலர் மெதுவாகத்தான் ஓடுகிறது என்று சொல்லும். இரண்டுக்கும் நடுவே ஒரு நாள் முழுக்கத் தலையைச் சொறிந்தேன். ஒரே பாயிண்டரை வாங்கி அதிலேயே மாற்றும் தனி ஃபங்ஷன் எழுதியதும் தீர்ந்தது.

லூப் குட்டையாக இருந்தாலும் காவலாளி பாரமாகும். ஒரு லூப்புக்குள் சுற்றும் உள் லூப்புக்கு 20 சுற்றுதான் என்றால், படத்தின் ஒவ்வொரு வரிக்கும் சோதனை ஓடி லாபத்தைத் தின்றுவிடும்.

8. சார்பு உண்மை என்றால் லூப்பைத்தான் மாற்ற வேண்டும்

இதுவரை வந்தது எல்லாம் கம்பைலருக்குத் தெரியாத சங்கதி. சில லூப்பில் சார்பு உண்மையிலேயே இருக்கும். துணிப் படத்தில் ஒளியின் ஏற்ற இறக்கத்தை மென்மையாக்க நாங்கள் வைக்கும் வடிகட்டி இது:

    வெளி[க] = 0.9 * வெளி[க-1] + 0.1 * உள்[க]

தூரம் 1, எழுதியதை உடனே படிக்கிறது. வரி மாற்றுவதற்கும் உடைப்பதற்கும் இதில் ஒன்றும் இல்லை. ஆனால் படத்துக்கு இரண்டு திசை இருக்கிறதே. பிக்சல் வரிசையில் குறுக்கே ஓட்டாமல், துணி நகரும் திசையில் ஓட்ட முடியுமா என்று கேளுங்கள். வ என்பது வரி, நெ என்பது நெடுவரி:

    வெளி[வ][நெ] = 0.9 * வெளி[வ-1][நெ] + 0.1 * உள்[வ][நெ]

வெளியே சுற்றும் வெளி லூப் வ, அதற்குள் சுற்றும் உள் லூப் நெ (வெளி, உள் என்ற அர்ரேக்களோடு குழப்பிக்கொள்ளாதீர்கள்). இப்போது சார்பின் தூரம் (1, 0): வரியில் 1, நெடுவரியில் 0. அதாவது சார்பை முழுக்க வெளி லூப் சுமக்கிறது, உள் லூப்பின் சுற்றுகள் ஒன்றுக்கொன்று கடன்படவில்லை. எட்டு நெடுவரி பக்கத்தில் பக்கத்தில் ஓடலாம். பாவு ஓட்டும்போது கிரீலில் (நூல் கோன்களை மாட்டும் சட்டம்) இருக்கும் அத்தனை கோனும் ஒரே நேரத்தில் ஓடுகிற மாதிரி. ஒவ்வொரு நூலும் தன் முந்தைய இன்ச்சை நம்பித்தான் வருகிறது, பக்கத்து நூலை நம்பி வரவில்லை.

குறுக்கேதான் வடிகட்ட வேண்டும் என்று கணக்கு கட்டாயப்படுத்தினால், எட்டு வரியைச் சேர்த்து எடுத்து ஒரே நேரத்தில் ஓட்டுங்கள். ஆனால் மெமரியில் அந்த எட்டும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும்படி முதலில் திருப்பி அடுக்கிவிடுங்கள். அடுக்காமல் விட்டால் ஒவ்வொன்றையும் ஒரு மூலையிலிருந்து பொறுக்க வேண்டிவரும்.

உள் லூப்பைத் திருத்திய பிறகும் சில நேரம் "சார்பு தெரியவில்லை" என்று வரும். வெளி[(வ-1) * அகலம் + நெ] என்று தட்டையாக எழுதியிருந்தால், இரண்டு வரிக்கும் இடையிலான தூரம் அகலம் என்ற மாறி. அது ஓடும்போதுதான் தெரியும். முந்தைய வரிக்கு ஒரு பாயிண்டர், இந்த வரிக்கு ஒரு பாயிண்டர் என்று உள் லூப்புக்கு வெளியே எடுத்து வைத்தால் 7ஆம் படியின் காவலாளிக்கு எல்லை சுலபமாகக் கிடைக்கும்.

நகரும் சராசரியை ஓடும் கூட்டலாக எழுதுவதும் இதே வகைதான். மாறியில் கூட்டிக்கொண்டே போய் ஒவ்வொரு சுற்றிலும் அதை வெளியே எழுதினால், அது மெமரிச் சார்பு அல்ல, மாறியின் சார்பு. செய்தியும் வேறு மாதிரி வரும். ஜன்னல் 16 பிக்சல் என்றால் ஒவ்வொரு விடைக்கும் 16ஐயும் புதிதாகக் கூட்டுங்கள். கூட்டல் எச்சாகும், ஆனால் வெக்டர் ஆகும். எது வேகம் என்பதை அளந்து பாருங்கள். எங்களுக்கு ஜன்னல் சின்னதாக இருந்தவரை இது ஜெயித்தது.

9. வாக்குறுதி கொடுப்பது கடைசியில்

மேலே உள்ள எல்லாம் முடிந்து, சார்பு இல்லை என்று உங்களுக்குக் காரணத்தோடு தெரிந்து, கம்பைலருக்கு மட்டும் தெரியாமல் இருந்தால்தான் வாக்குறுதி.

முதல் தேர்வு ரெஸ்ட்ரிக்ட்: இந்தப் பாயிண்டர் வழியாக எழுதும் இடத்தை வேறு பாயிண்டர் தொடாது என்ற வாக்கு. சி99இல் மொழியிலேயே இருக்கிறது. சி++இல் தரத்தில் இல்லை. ஜிசிசி, கிளாங் இரண்டும் முன்னால் இரண்டு அடிக்கோடு போட்டு ஏற்றுக்கொள்ளும். ஃபங்ஷனின் பாராமீட்டரில் போடுங்கள். நடுவில் ஓர் உள்ளூர் பாயிண்டரிலோ ஸ்ட்ரக்டின் உறுப்பிலோ போட்டால் கிளாங் கண்டுகொள்ளாமல் விடலாம். போட்ட பிறகு, ஒரே பஃபரை இரண்டு பக்கமும் கொடுத்துக் கூப்பிடும் இடம் எங்காவது இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள். இருந்தால் வாக்கு மீறியாகிவிட்டது.

பிராக்மாக்கள் ஒன்றுபோல இருக்காது. கிளாங்கில் வெக்டரைஸ்(எனேபிள்) என்றால் செலவுக் கணக்கை ஒதுக்கும், சார்புச் சோதனை அப்படியே இருக்கும். வெக்டரைஸ்(அஸ்யூம்_சேஃப்டி) என்றால் சோதனையே இல்லை, நீங்கள் சொன்னதுதான் வேதம். ஜிசிசியின் ஐவிடெப்பும், சுற்றுகளுக்கிடையே தடையான சார்பு இல்லை என்று நீங்கள் கொடுக்கும் வாக்கு. ஓப்பன்எம்பி என்ற இணைக் கணிப்புத் தரத்தின் 4.0 பதிப்பு கொண்டுவந்த ஓஎம்பி சிம்ட் பிராக்மா இன்னும் தெளிவு, சேஃப்லென்(8) என்று தூரத்தையே சொல்லலாம். ஆனால் -எஃப்ஓப்பன்எம்பி-சிம்ட் ஃப்ளாக் போட மறந்தால் அந்த வரியைக் கம்பைலர் கண்டுகொள்ளாது.

இப்போது அந்தக் கதை. நான் முன்பு இருந்த ஓரிடத்தில், புதிதாக வந்த ஒருவர் 8ஆம் படியில் சொன்ன குறுக்கு வடிகட்டிக்கு மேலே அஸ்யூம்_சேஃப்டி ஒட்டினார். டெஸ்ட் எல்லாம் பச்சை. ஆலையில் மாட்டியதும் துணி முழுக்க நீடில் லைன் (ஊசி கெட்டால் துணியில் விழும் கோடு) என்று மெஷின் கத்த ஆரம்பித்தது. ஊசியை மாற்றினார்கள், கோடு போகவில்லை. கோடுகளுக்கு நடுவே தூரம் அளந்தால் மிகச் சரியாக 32 பிக்சல். எந்த ஊசி அப்படிக் கணக்காகக் கெடும்? வெக்டர் அகலம் 8, கிளாங் அதை 4 மடங்கு விரித்து ஓட்டியிருந்தது. ஒவ்வொரு 32க்கும் முதல் பிக்சலுக்கு மட்டும் புதிய மதிப்பு போயிற்று, மீதி 31க்கும் பஃபரில் கிடந்த முந்தைய வரியின் மதிப்பு. முந்தைய வரியும் ஏறக்குறைய அதே நிறம் என்பதால் படம் பார்வைக்குக் கெடாமல், மெல்லிய கோடாக மட்டும் தெரிந்தது. டெஸ்ட் ஏன் பிடிக்கவில்லை? டெஸ்ட் படத்தின் அகலம் 20. முப்பத்திரண்டு இல்லாததால் வெக்டர் லூப்புக்குள் போகவே இல்லை, மிச்சம் ஓட்டும் ஒற்றை லூப்பிலேயே முழுக்க ஓடிவிட்டது.

10. சரிபார்ப்பது

டெஸ்ட் நீளத்தை அகலம் × விரிப்பு என்ற எண்ணைவிடப் பெரிதாக வையுங்கள். 32 என்றால் 31, 32, 33, 67, 1000 எல்லாம் வேண்டும். வெளி பஃபரைப் பூஜ்யம் போட்டு ஆரம்பிக்காதீர்கள். கணக்கில் வர வாய்ப்பில்லாத ஒரு பெரிய எண்ணால் நிரப்புங்கள். பழைய மதிப்பைப் படித்தால் உடனே கண்ணைக் குத்தும்.

ரெஸ்ட்ரிக்ட் போடாத ஃபங்ஷனுக்கு, ஒன்றன்மேல் ஒன்று விழும் பாயிண்டர்களும் கொடுங்கள்: உள்+1, உள்+3, உள்+8. 1ஆம் படியில் சொன்ன வெக்டர் ஆக்காத பில்டின் விடையோடு உறுப்புக்கு உறுப்பு ஒப்பிடுங்கள். இரண்டு பில்டிலும் -எஃப்எஃப்பி-கான்ட்ராக்ட்=ஆஃப் (பெருக்கலையும் கூட்டலையும் ஒரே கட்டளையாக்காதே என்பது) போட்டு, ஃபாஸ்ட்-மேத் (வேகத்துக்காகத் தசமக் கணக்கை மாற்றி அடுக்க விடும் ஃப்ளாக்) இல்லாமல் ஓட்டினால், மேலே பார்த்த உறுப்புவாரி லூப்களில் ஒரு பிட் கூட மாறக்கூடாது. "கொஞ்சம்தான் மாறுகிறது, தசமத் தவறாக இருக்கும்" என்று யாராவது சொன்னால், மாறிய இண்டெக்ஸ்களை ஒரு தாளில் எழுதச் சொல்லுங்கள். 8, 16, 24 என்றோ 32, 64, 96 என்றோ அடுக்காக வந்தால் 5ஆம் படிக்குத் திரும்புங்கள்.